நிலாவை விழவைத்தவர்கள்

2012, நவம்பர் 11. எயோர்ஸியா என்ற உலகத்துக்கு அன்றுதான் கடைசி நாள்.

வானத்தில் சிவப்பாக ஒரு நிலா. பெயர் டாலமட். எங்கோ தூரத்தில் பொட்டு மாதிரி இருந்தது, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, இப்போது தலைக்கு மேல் வந்து நிற்கிறது. ஊருக்குள் அரக்கர்கள் புகுந்துவிட்டார்கள். வாள் வைத்திருந்தவர்கள் வாளோடும், மந்திரக்கோல் வைத்திருந்தவர்கள் மந்திரக்கோலோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயிக்க முடியாது என்று அத்தனை பேருக்கும் தெரியும். இருந்தும் சண்டை போட்டார்கள். சிலர் சண்டையை விட்டுவிட்டு நண்பர்களோடு உட்கார்ந்து நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சர்வர்கள் அணைந்தன. உலகம் முடிந்தது.

முடித்து வைத்தது வில்லனோ, ஹேக்கரோ, திவாலான முதலாளியோ இல்லை. அந்த உலகத்தைக் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கம்பெனியே, நாள் குறித்து, நிலாவை விழவைத்து அழித்தது. அதைவிட ஆச்சரியம், அழிவதைப் பார்ப்பதற்காகவே ரசிகர்கள் கடைசி 10 மாதங்கள் காசு கொடுத்திருந்தார்கள்.

ஏன்? அதுதான் கதை.

* * *

கம்ப்யூட்டர் கேம் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம்.

சாதாரண வீடியோ கேம் என்பது புத்தகம் மாதிரி. காசு கொடுத்தீர்கள், வாங்கினீர்கள், முடிந்தது கணக்கு. ஆன்லைன் ரோல் பிளேயிங் கேம் வேறு சமாச்சாரம். அங்கே ஓர் உலகம் இருக்கும். அதில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் உலாவிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தர் போர்வீரன். ஒருத்தர் வைத்தியர். இன்னொருத்தர் நிம்மதியாக மீன் பிடித்துக்கொண்டிருப்பார். கதை சொல்லும் வகை கேம்களில் இன்னொரு விசேஷமும் உண்டு. மெகா சீரியல் மாதிரி வருடக்கணக்கில் ஒரு கதை ஓடும், ஹீரோ நீங்கள்தான். சில மாதங்களுக்கு ஒருமுறை அடுத்த அத்தியாயம் வரும்.

இதற்கு மாதச் சந்தா. பெரிய கேம்களில் ஏறக்குறைய 13 முதல் 15 டாலர்.

இங்கேதான் கணக்குப் பாடம் வருகிறது. பி.காம். படித்தவர்களுக்கு 'இன்கம் ரிசீவ்ட் இன் அட்வான்ஸ்' ஞாபகம் இருக்கும். சேவை செய்வதற்கு முன்பே கைக்கு வந்துவிட்ட பணம். அதை வருமானம் என்று எழுதினால் வாத்தியார் சிவப்பு மையில் சுழிப்பார். அது லயபிலிட்டி. அதாவது, கடன். பணம் உங்கள் பெட்டியில் இருக்கலாம். ஆனால், கொடுத்தவனுக்கு நீங்கள் இன்னும் கடன்பட்டிருக்கிறீர்கள்.

ஆன்லைன் கேம் கம்பெனிகள் வாங்குவது முழுக்க முழுக்க இந்தப் பணம்தான். சந்தா கட்டியவர் கையில் ஒன்றும் இருக்காது. அவர் 5 வருடம் உழைத்துச் சேர்த்த வாள், கவசம், வீடு, பெயர் எல்லாம் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. நாளைக்கு ஸ்விட்சை அணைத்தால் போச்சு. சேரும்போது கண்ணை மூடிக்கொண்டு 'சம்மதம்' என்று அமுக்கிய ஒப்பந்தத்தில், எதை வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் மாற்ற கம்பெனிக்கு உரிமை உண்டு என்றுதான் எழுதியிருக்கும்.

சட்டப்படி ரசிகருக்கு அநேகமாக ஒன்றும் இல்லை. அவரிடம் இருப்பது எதிர்பார்ப்பு மட்டும். அதைக் கடன் என்று நினைத்த கம்பெனியும் உண்டு. நினைக்காத கம்பெனியும் உண்டு.

நினைக்காதவர்களை முதலில் பார்த்துவிடுவோம்.

* * *

2003, ஜூன். 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' என்ற ஆன்லைன் கேம் அமெரிக்காவில் வெளியானது. நடத்தியது சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட். ஸ்டார் வார்ஸ் படங்களின் உலகத்தில் போய் நீங்களே குடியேறலாம்.

இந்த கேமின் அழகு என்னவென்றால், எல்லோரும் ஹீரோவாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 30-க்கும் மேற்பட்ட தொழில்கள். மிருகங்களைப் பிடித்துப் பழக்கலாம். மதுக்கூடத்தில் நடனமாடலாம். துப்பாக்கி செய்து கடை போடலாம். வீடு கட்டி, பக்கத்தில் நண்பர்களும் வீடு கட்டி, ஊரே உண்டாக்கலாம். படத்தில் வருகிற ஜெடாய் வீரனாக ஆவது மட்டும் மகா கஷ்டம். மாதக்கணக்கில் பாடுபட வேண்டும். அப்படி ஆனவனுக்கு ஊரில் தனி மரியாதை.

கேமில் குறைகள் ஏராளம். ஆனாலும், குடியேறியவர்கள் நேசித்தார்கள்.

சுமார் ஒன்றரை வருடம் கழித்து 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வந்தது. 2004 நவம்பர். எளிமையான ஆட்டம், அள்ளிக்கொண்டு போனது. சோனிக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். நம் ஆட்டம் ஏன் இவ்வளவு சிக்கலாக இருக்கிறது? எளிமையாக்கினால் நமக்கும் கூட்டம் வருமே?

2005, நவம்பர் 1. கேலக்ஸீஸுக்கு ஒரு கூடுதல் பாகத்தை விற்பனைக்கு விட்டார்கள். ரசிகர்கள் வாங்கினார்கள். அடுத்த சில நாட்களில் ஓர் அறிவிப்பு. ஆட்டத்தையே மாற்றப்போகிறோம்! நவம்பர் 15-ல் மாற்றியும் விட்டார்கள்.

30-க்கும் மேற்பட்ட தொழில்கள் 9 ஆகச் சுருங்கின. மிருகம் பழக்குபவர் என்ற தொழிலே காணோம். வளர்த்த மிருகங்கள் பயனற்றுப் போயின. மாதக்கணக்கில் தவம் கிடந்து ஜெடாய் ஆனவன், நேற்று வந்தவனும் முதல் நிமிடத்திலேயே ஜெடாய் ஆவதை வேடிக்கை பார்த்தான்.

கொதித்துப் போனார்கள் ரசிகர்கள். கூடுதல் பாகம் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகக் கம்பெனி இறங்கி வந்தது. பாகத்தின் விலையைத் திருப்பித் தரலாம். இரண்டரை வருடத்தை? கூட்டம் கூட்டமாகச் சந்தாவை நிறுத்தினார்கள். எதிர்பார்த்த புதுக் கூட்டம் வரவே இல்லை. 2011, டிசம்பர் 15-ல் கேமுக்கு மூடுவிழா. அது தப்பு என்று சோனி ஆன்லைன் தலைவராக இருந்த ஜான் ஸ்மெட்லியே பின்னால் ஒப்புக்கொண்டார். அதற்குள் ஊர் காலி.

மாற்றியது குற்றமா? இல்லை. குடியிருப்பவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவனிடமே புதுசாக ஒன்றை விற்றுவிட்டு, இரண்டே வாரத்தில் வீட்டை இடித்ததுதான் பிரச்னை.

* * *

இப்போது ஜப்பானுக்குப் போவோம்.

'ஃபைனல் ஃபேன்டஸி' 1987-ல் பிறந்தது. உருவாக்கியவர் ஹிரோனோபு சகாகுச்சி. கம்பெனி ஸ்கொயர். பிறகு எனிக்ஸோடு சேர்ந்து ஸ்கொயர் எனிக்ஸ் ஆனது. கதை சொல்லும் கேம்களில் ஜப்பானின் அடையாளம் என்றே இதைச் சொல்லலாம். ஒவ்வொரு பாகத்துக்கும் புது உலகம், புதுக் கதை, மனசை உருக்கும் இசை.

2002-ல் 11-ம் பாகத்தை ஆன்லைன் கேமாக விட்டார்கள். நன்றாகவே ஓடியது. வருடக்கணக்கில் சந்தா கொட்டியது. அடுத்து 14-ம் பாகமும் ஆன்லைன்தான் என்றார்கள். அதே அனுபவசாலி ஹிரோமிச்சி தனாகா புரொட்யூசர். எதிர்பார்ப்பு எகிறியது.

2010, செப்டம்பர் 30. ரிலீஸ்.

படம் என்னவோ அழகுதான். ஆனால், ஆட முடியவில்லை. ஒரு மெனுவைத் திறந்தால், அது யோசித்து யோசித்துத் திறந்தது. சந்தைக்குப் போனால் வரிசையாகப் பொம்மை மாதிரி கடைக்காரர்கள். யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒவ்வொருவராகப் போய்த் தட்டிக் கேட்க வேண்டும். ஊரைவிட்டு வெளியே வந்தால், பார்த்த மலையே மறுபடி மறுபடி வந்தது. வெட்டி ஒட்டியிருந்தார்கள். இதெல்லாம் போதாதென்று 'களைப்பு' என்று ஒரு விதி. ஒரே தொழிலில் வாரத்தில் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் ஆடினால், அனுபவப் புள்ளி குறையும். இன்னும் ஆடினால், ஒன்றுமே கிடைக்காது. காசு கொடுத்து ஓட்டலுக்கு வந்தவனை, 'போதும் எந்திரி' என்று சொல்கிற மாதிரி.

விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். விமர்சனங்களின் சராசரியைப் போடும் மெட்டாகிரிட்டிக்கில் 100-க்கு 49. அதே அக்டோபரில், 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்களைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது.

இவ்வளவு பெரிய கம்பெனி எப்படிக் கோட்டை விட்டது? இதற்கான பதிலைப் பின்னாளில், 2014-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் உருவாக்குபவர்கள் மாநாட்டில் மேடை போட்டே சொன்னார்கள். மூன்று காரணங்கள். ஒன்று, படம் அழகாக இருந்தால் போதும் என்ற வெறி. இரண்டு, இன்றைய ஆன்லைன் கேம்களை ஆடிப் பார்த்த ஆட்கள் குழுவில் போதுமான அளவு இல்லை. மூன்று, எது சரியில்லை என்றாலும் பிறகு ஒட்டுப்போட்டுச் சரிசெய்து கொள்ளலாம் என்ற மிதப்பு.

முதல் காரணத்துக்கு ஓர் உதாரணமும் சொன்னார்கள். கேமில் மூலையில் கிடந்த ஒரு பூந்தொட்டி. அதை வரைய 1,000 பாலிகன்கள். ஹீரோவின் உருவத்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான்! கம்ப்யூட்டரின் மொத்த சக்தியையும் பூந்தொட்டிகள் குடித்துவிட, ஒரே இடத்தில் 20 மனிதர்களைக் காட்டவே அது திணறியது. நாலு பேர் கூடுவதற்காகக் கட்டிய உலகத்தில், நாலு பேர் கூட முடியவில்லை.

* * *

2010, டிசம்பர் 10. ஸ்கொயர் எனிக்ஸ் தலைவர் யோயிச்சி வாடா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். எங்கள் கேம் உங்களைத் திருப்திப்படுத்தும் தரத்தில் இல்லை. தனாகா பொறுப்பிலிருந்து விலகுகிறார். பிளேஸ்டேஷன் 3 பதிப்பு தள்ளிப்போகிறது. கேமைத் தரத்துக்குக் கொண்டுவரும் வரை சந்தா கிடையாது.

இந்தக் கடைசி வரியைத்தான் கவனிக்க வேண்டும். மன்னிப்பு எல்லோரும் கேட்கலாம். செலவில்லாத சரக்கு. இவர்களோ கல்லாப் பெட்டியை மூடிவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். கேம் வெளியானதிலிருந்து 2012 ஜனவரி தொடக்கம் வரை, சுமார் 15 மாதம், சந்தா என்று ஒரு யென்கூட வாங்கவில்லை. சர்வர் ஓடியது. சம்பளம் ஓடியது. வரவு மட்டும் இல்லை. 2011 செப்டம்பரில் வாடா மறுபடி வாயைத் திறந்து, ஃபைனல் ஃபேன்டஸி என்ற பெயருக்கே பெரிய சேதம் ஆகிவிட்டது என்று ஒப்புக்கொண்டார்.

புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர் நவோகி யோஷிதா. வயது 37. புரொட்யூசரும் அவரே, டைரக்டரும் அவரே. ஃபைனல் ஃபேன்டஸி வரிசையில் அதற்கு முன் பெயர் வாங்கியவர் இல்லை. ஆனால், ஒரு தகுதி இருந்தது. மனிதர் ஆன்லைன் கேம் பைத்தியம். மற்ற கம்பெனிகளின் கேம்களில் ராத்திரி பகலாகக் குடியிருந்தவர். சந்தா கட்டியவனின் எரிச்சல் எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். குழுவினரையும் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆடிப் பார்க்கச் சொன்னார்.

நோயாளியைப் பரிசோதித்தார். உள்ளே எல்லாமே கோளாறு. ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாம், ஆனால், அடித்தளம் அப்படியேதான் இருக்கும். அல்லது, தரைமட்டமாக்கிப் புதிதாகக் கட்டலாம். அதற்கு வருடங்கள் ஆகும். அதுவரை உள்ளே இருக்கும் ரசிகர்களை என்ன செய்வது?

யோஷிதா சொன்ன வழி, இரண்டையும் ஒரே சமயத்தில் செய்வோம் என்பது. ஓடுகிற கேமையும் மாதாமாதம் சரிசெய்வோம். மறுபக்கம், புது இன்ஜின், புது வரைபடம், புது சர்வர் என்று வேறு கேமையும் கட்டுவோம். கேட்டவர்களுக்கு மயக்கம் வந்திருக்கும். ஆனாலும் நிர்வாகம் சரி என்றது.

வேலை தொடங்கிய சூட்டோடு 2011 மார்ச் 11 பூகம்பம். ஜப்பானில் மின்சாரத் தட்டுப்பாடு. சர்வர்களையே சில நாட்கள் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. பிறகு மறுபடி எழுந்தார்கள்.

இதற்கு நடுவே யோஷிதா இன்னொரு வேலையும் செய்தார். ரசிகர்களுக்குக் கடிதம் எழுதினார். அடுத்து என்ன மாறும், எது மாறாது, எது முடியாது, ஏன் முடியாது என்று விளக்கம். 2011-லேயே அது நேரடி ஒளிபரப்பாக வளர்ந்தது. கேமராவுக்கு முன் உட்கார்ந்து மணிக்கணக்கில் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில். அந்த வழக்கம் பின்னர் வருடக்கணக்கில் தொடர்ந்தது. முடியாததை முடியாது என்று சொன்னதுதான் அதில் முக்கியம். ரசிகனுக்கு எல்லாவற்றுக்கும் 'ஆகட்டும்' என்ற பதில் தேவையில்லை. அவனை ஆளாக மதித்துச் சொல்லும் காரணம் போதும்.

* * *

இப்போது நிலா விஷயத்துக்கு வருவோம்.

பழைய கேமை மூடி, புதியதைத் திறக்க வேண்டும். சாதாரணக் கம்பெனி என்ன செய்யும்? 'இந்தத் தேதியோடு சேவை நிறுத்தப்படுகிறது' என்று நோட்டீஸ் ஒட்டும். யோஷிதா குழு அதையே கதையாக்கியது. பகை நாட்டுத் தளபதி ஒருவன், வானத்தில் இருக்கும் டாலமட் நிலாவைப் பூமியின் மேல் விழவைக்கத் திட்டம் போடுகிறான். ரசிகர்கள் அவனைத் தேடிப் போய்த் தோற்கடிக்கிறார்கள். ஆனால், காலம் கடந்துவிட்டது. நிலா வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பேட்ச்சிலும் வானத்தில் அது கொஞ்சம் பெரிதானது.

2011 அக்டோபரில், கேம் புதுப்பிறவி எடுக்கப்போகிறது என்று அறிவித்தார்கள். கூடவே, சந்தா வாங்கப்போகிறோம் என்றும் சொன்னார்கள்!

யோசித்துப் பாருங்கள். இடிக்கப்போகிற வீட்டுக்கு வாடகை கேட்கிறார்கள். நியாயமாக, இருந்த கூட்டமும் ஓடியிருக்க வேண்டும். பலர் போகத்தான் செய்தார்கள். ஆனாலும், ஒரு கூட்டம் தங்கிக் காசு கட்டியது. அவர்களுக்கு யோஷிதா ஒரு கைம்மாறு அறிவித்தார். குறைந்தது 90 நாள் சந்தா கட்டியவர்களுக்குப் புது கேமில் மாதச் சந்தா 9.99 டாலர்தான். அந்த கேம் இருக்கும் வரை. அவர்கள் பெயர்கள், அதாவது கேமில் அவர்கள் வைத்துக்கொண்ட பெயர்கள், புது கேமின் இறுதியில் வரும் நன்றிப் பட்டியலில் இடம்பெறும்.

பிறகு வந்தது நவம்பர் 11. நிலா விழுந்தது. அதோடு ஒரு குறும்படமும் வெளியானது. நிலா ஓடு மாதிரி உடைகிறது. உள்ளேயிருந்து பஹாமுட் என்ற ராட்சத டிராகன் வெளியே வந்து ஊரையே எரிக்கிறது. லூயிஸ்வா என்ற கிழவர், கடைசி நிமிடத்தில் தன் சக்தியை எல்லாம் திரட்டி, போராடிய வீரர்களைக் காலம் கடந்து எதிர்காலத்துக்கு அனுப்பி வைக்கிறார். பின்னணியில் நோபுவோ உயமாட்சு இசையமைத்து சூசன் காலவே பாடிய பாட்டு. பார்த்த ரசிகர்களில் கண் கலங்காதவர்கள் குறைவு.

* * *

இதே மாதத்தில் இன்னோர் உலகமும் செத்தது.

'சிட்டி ஆஃப் ஹீரோஸ்'. 2004-ல் தொடங்கிய சூப்பர் ஹீரோ கேம். நடத்தியது என்சிசாஃப்ட் என்ற கொரிய கம்பெனி. 2012 ஆகஸ்ட் 31 அன்று மூடப்போவதாக அறிவித்தார்கள். கேமை உருவாக்கிய குழுவையும் கலைத்துவிட்டார்கள். ரசிகர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். மனு எழுதிப் பார்த்தார்கள். கேமுக்குள்ளேயே ஒரு பூங்காவில் கையில் தீப்பந்தத்தோடு ஆயிரக்கணக்கில் கூடி நின்றார்கள். ம்ஹும். நவம்பர் 30-ல் அணைத்துவிட்டார்கள்.

இங்கே வில்லன் இல்லை. நிலா இல்லை. பாட்டும் இல்லை. ஒரு நோட்டீஸ், அவ்வளவுதான்.

ஆனால், அந்த ரசிகர்கள் விடவில்லை. கேமை ரகசியமாகத் தனி சர்வரில் ஓட்டிக்கொண்டிருந்தது 2019-ல் வெளியே தெரிந்தது. பிறகு ரசிகர்களே பகிரங்கமாக நடத்த ஆரம்பித்தார்கள். 2024 ஜனவரியில், 'ஹோம்கமிங்' என்ற ரசிகர் குழுவுக்கு என்சிசாஃப்ட் முறைப்படி உரிமம் கொடுத்தது. கம்பெனி தீர்க்காத கடனை, கடன் கொடுத்தவர்களே 11 வருடம் கழித்துத் தீர்த்துக்கொண்டார்கள்.

* * *

2013, ஆகஸ்ட் 27. ஃபைனல் ஃபேன்டஸி 14, 'ஏ ரெல்ம் ரீபார்ன்' என்ற பெயரில் மறுபடி பிறந்தது.

அன்றைக்கும் சொதப்பல். முன்பு ஆள் இல்லாத பிரச்னை. இப்போது ஆள் தாங்காத பிரச்னை. சர்வர் திணறியது. காசு கொடுத்தவர்கள் உள்ளே நுழைய முடியவில்லை. என்ன செய்தார்கள்? டவுன்லோடு விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். உள்ளே வர முடியாமல் தவித்தவர்களுக்கு ஒரு வாரம் இலவசம் கொடுத்தார்கள். வாங்க வருகிற கூட்டத்தை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே வாங்கியவனை முதலில் கவனிப்பது. கடைக்காரர்கள் பொதுவாகச் செய்கிற காரியம் இல்லை இது.

புது கேமின் கதை, நிலா விழுந்து 5 வருடம் கழித்து ஆரம்பிக்கிறது. ஊர் மக்கள் அந்தப் பேரழிவைப் பற்றிப் பேசுகிறார்கள். அன்று நமக்காகப் போராடிய வீரர்கள் இருந்தார்கள் என்கிறார்கள். ஆனால், யாருக்கும் அவர்கள் முகமும் பெயரும் நினைவில்லை. நினைத்துப் பார்த்தால் கண் கூசும் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது என்கிறார்கள். புதிதாக வந்தவருக்கு அது சுவாரஸ்யமான ஒரு வசனம். அந்தக் கடைசி 10 மாதம் இருந்தவருக்கு? அந்த முகம் அவருடையது. தோல்வியடைந்த கேம் ஒன்றில் வீணாகப் போயிருக்க வேண்டிய காலம், புது உலகத்தின் சரித்திரமாகிவிட்டது.

அதன்பின் ஏறுமுகம்தான். 2015, 2017, 2019 என்று கூடுதல் பாகங்கள். கதைக்காகவே ஆட வந்தவர்கள் பெருகினார்கள். 2021 அக்டோபரில் யோஷிதா, ஃபைனல் ஃபேன்டஸி வரிசையிலேயே அதிக லாபம் தந்தது இந்த 14-ம் பாகம்தான் என்றார். 10 வருடத்துக்கு முன் குடும்பப் பெயரைக் கெடுத்த அதே பிள்ளை!

அந்த வருடம் 'எண்ட்வாக்கர்' பாகம். 2010-ல் தொடங்கிய கதையின் முடிவு. நவம்பர் 23 என்று தேதி சொல்லியிருந்தார்கள். மெருகேற்ற இன்னும் நேரம் வேண்டும், பொறுப்பு என்னுடையது என்று மன்னிப்புக் கேட்டு 2 வாரம் தள்ளினார் யோஷிதா. டிசம்பரில் வந்தபோது மறுபடி நெரிசல். மணிக்கணக்கில் வரிசை. பாதி வரிசையில் தூக்கி வெளியே எறிந்தது சர்வர். புது சர்வர் வாங்கலாம் என்றால், உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு. முதலில் 7 நாள் இலவசம், பிறகு இன்னும் 14 நாள். அதுவும் பற்றாமல், கிறிஸ்துமஸ் விற்பனை நேரத்தில் விற்பனையையே நிறுத்தினார்கள். 2022 ஜனவரி 25-ல்தான் கடையைத் திறந்தார்கள்.

இன்னொன்றும் யோஷிதா பல தடவை சொல்லியிருக்கிறார். புதுக் கதை வராத நேரத்தில் சந்தாவை நிறுத்திவிட்டுப் போய் வேறு கேம் ஆடுங்கள், அடுத்த அத்தியாயம் வரும்போது வாருங்கள். சந்தாவில் பிழைக்கும் ஒரு கடைக்காரர் சொல்கிற பேச்சா இது? ஆனால், அப்படிப் போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

* * *

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால், கதை அப்படி நிற்கவில்லை.

2024 ஜூலை 2. 'டான்ட்ரெய்ல்' என்ற புதிய பாகம். பழைய கதை முடிந்துவிட்டதால் புது ஊர், புது மனிதர்கள், புது ஆரம்பம். ரசிகர்களில் ஒரு பெரும் பகுதிக்குப் பிடிக்கவில்லை. கதை நகரவே மாட்டேன் என்கிறது, நாங்கள் ஹீரோவா, இல்லை வேறொருத்திக்குத் துணைப் பாத்திரமா என்று கோபப்பட்டார்கள். முந்தைய பாகங்கள் கொட்டிய பாராட்டு இதற்கு இல்லை. சர்வர் சரியில்லை என்றால் 7 நாள் இலவசம் கொடுக்கலாம். கதை பிடிக்கவில்லை என்றால் எத்தனை நாள் கொடுப்பது?

எழுதுகிறவனுக்குச் சறுக்கும் உரிமை வேண்டும். அது இல்லாவிட்டால் எழுதியதையே திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருப்பான். எனக்குப் பிடித்த மாதிரிதான் கதை போக வேண்டும் என்பது கடன் பத்திரத்தில் இல்லாத வரி. அதை யாரும் எழுதிக் கொடுக்கவும் முடியாது.

ஆனால், பத்திரத்தில் உள்ளவை சில உண்டு. ஆட்டத்தை மாற்றுவதற்கு முன் சொல்லுங்கள். தப்பு என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ளும்போது கல்லாவையும் கொஞ்சம் மூடுங்கள். முடியாது என்றால் காரணம் சொல்லுங்கள். மூடுவது என்றால், நாங்கள் அங்கே வாழ்ந்தோம் என்பதை மதித்து மூடுங்கள். கேலக்ஸீஸ் ரசிகர்கள் கேட்டது இதைத்தான். 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' ரசிகர்கள் தீப்பந்தம் பிடித்து நின்றதும் இதற்காகத்தான். ஸ்கொயர் எனிக்ஸ் ஒன்றும் தர்மசத்திரம் இல்லை. லாபத்துக்காக நடக்கும் கம்பெனிதான். இவற்றைச் செய்தால்தான் லாபமே வரும் என்பதை நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

2013-ல் புது கேமின் கதையை முடித்தவர்களுக்குத் திரையில் நன்றிப் பட்டியல் ஓடியது. டைரக்டர், இசையமைப்பாளர், ஓவியர்கள் என்று வரிசையாகப் பெயர்கள். அதோடு நிற்கவில்லை. பழைய கேமில் தங்கியிருந்தவர்களின் பெயர்களும் ஓட ஆரம்பித்தன. நீளமான பட்டியல். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போயிருப்பார்கள். தன் பெயரைத் தேடியவர்கள் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள்.